மழையில் இறுகிப்போன மர ஜன்னலை உடைக்காமல் திறப்பது எப்படி?

வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்ததும் வரும் தொல்லை இது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கதவு வைத்த மர ஜன்னலில் ஒரு கதவாவது அசைய மறுக்கும். அப்படியே சாத்தியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, மெட்ராஸ் தெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீட்டில் சாயங்காலக் காற்றுக்கு அந்த ஜன்னலை விட்டால் வேறு வழியில்லை. எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலை நானே சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் சீவும் இழைப்புளியைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். ஜன்னல் ஒட்டிக்கொண்டால் உடனே விளிம்பைச் சீவுவதுதான் பலருக்கும் வழக்கம். மழையில் சீவிய கதவு மே மாதம் சுருங்கும். அப்போது தாழ்ப்பாள் எட்டாது, இடுக்கு வழியாகப் பல்லி வரும், காற்றடித்தால் இரவெல்லாம் கடகடவென்று ஆடும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அதனால் எங்கே, எதனால் பிடிக்கிறது என்று பாருங்கள். வெயிலோ மழையோ எப்போதுமே அசையவில்லை, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே கோடுகூடத் தெரியவில்லை என்றால் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. மழையில் இறுகி, தை மாசியில் தானாகவே விட்டுவிடுகிறது என்றால் ஈரம். பாதி வரை வந்து கீழ்ச் சட்டத்தில் உரசி நிற்கிறது என்றால் கீல் தளர்ந்திருக்கிறது. பழைய வீட்டில் பெரும்பாலும் இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தே இருக்கும்.

பெயிண்ட்தான் என்றால் சுலபம். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த எனாமல் அடுக்கடுக்காக ஏறி, இடுக்கையே மூடியிருக்கும். மெல்லிய பட்டி பிளேடை இடுக்கில் வைத்து, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டியபடி சுற்றிலும் கீறிக்கொண்டே வாருங்கள். பட்டி பிளேடு நுழையாத இடத்துக்கு உடைந்த ஆக்ஸா பிளேடு போதும், ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்புளியை நுழைத்து நெம்பாதீர்கள், சட்டத்தின் விளிம்பு பிய்ந்துவிடும். கடப்பாரை பக்கமே போக வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் தேயுங்கள். முகக்கவசம் போடுங்கள். குழந்தைகள் அந்த அறையில் இருக்கவே கூடாது. உதிர்ந்த செதில்களைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கீறி முடித்ததும் எந்தக் கதவு எதன் மேல் ஏறிப் படிகிறது என்று பாருங்கள். நடுவில் ஒரு கதவின் உதடு மற்றதன் மேல் படிந்திருக்கும். மேலே படிவதைத்தான் முதலில் திறக்க வேண்டும். கொண்டியைப் பிடித்து இழுத்தால் கொண்டிதான் கையோடு வரும். வெளியே திறக்கும் கதவென்றால் கம்பிகளுக்கு நடுவே ஒரு மரக்கட்டையை விட்டு, கதவில் தாழ்ப்பாள் இருக்கும் சட்டத்தில் வைத்து, மேலும் கீழுமாக மாறி மாறித் தட்டுங்கள். நடுப்பலகையில் தட்டினால் பிளந்துவிடும்.

இனி கீல். எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேல் கீல் தளர்ந்தால் கதவு தாழ்ப்பாள் பக்கமாகச் சாய்கிறது. தாழ்ப்பாள் பக்கத்துக் கீழ் மூலை இறங்கிச் சட்டத்தில் உரசும், மேல் மூலையோ பக்கத்துக் கதவை முட்டும். பார்ப்பவர்களுக்கு மரம் ஊதியது போலத்தான் தெரியும். கதவைப் பாதி திறந்து, தாழ்ப்பாள் பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். மேல் கீல் சட்டத்தை விட்டு மூச்சு விடுகிற மாதிரி அசைந்தால், கோளாறு அங்கேதான்.

ஸ்க்ரூவை முடுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. உள்ளே மரம் மாவாகியிருக்கும். முதலில் ஸ்க்ரூ தலையில் அடைத்திருக்கும் பெயிண்டை ஆணி முனையால் சுரண்டுங்கள். காடி முழுசாகத் தெரிந்த பிறகுதான் திருப்புளியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை மழுங்கிவிடும். துரு பிடித்திருந்தால் டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். கதவை ஒருவர் தாங்கிப் பிடிக்க, ஒரு கீலை மட்டும் கழற்றுங்கள். ஓட்டையில் உள்ள மாவை ஊதிவிட்டு, மூங்கில் குச்சியைச் சீவி, பெவிகாலில் தோய்த்து, இறுக்கமாக அடித்து நிரப்புங்கள். தீக்குச்சியும் ஆகும், ஆனால் எனக்கு மூங்கில்தான் திருப்தி. அது ஸ்க்ரூவை நன்றாகக் கவ்வுகிறது. ஒரு ராத்திரி காயவிட்டு, மிஞ்சியதை வெட்டி, பழையதை விட அரை அங்குலம் நீளமான ஸ்க்ரூ போடுங்கள். பஜாரில் பழைய அளவுக் கீலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. இப்போது வரும் மெல்லிய தகட்டுக் கீல் தேக்குக் கதவின் கனத்தைத் தாங்காது.

இதற்குப் பிறகும் உரசினால், சட்டத்தில் கதவு படியும் இடம் முழுவதும் சாக்பீஸ் தேய்த்து, கதவைச் சாத்தித் திறங்கள். கதவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் பிடிக்கும் இடம். எங்கள் ஜன்னலில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டுமே ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் தேய்த்தால் போதும். அதற்கும் மசியவில்லை என்றால், நன்றாகக் காய்ந்த மாசி பங்குனி வரை காத்திருந்து இழைப்புளி போடுங்கள். ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் மழைக்காலத்தையும் சமாளிக்கும்.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட ஊதாது, அகலவாக்கில்தான் ஊதும். தண்ணீரை அதிகம் குடிப்பது, மரத்தைக் குறுக்கே அறுத்த வெட்டுமுனை. கதவின் கீழ் விளிம்பில் நிமிர்சட்டங்களின் வெட்டுமுனைகள்தான் இருக்கின்றன, பெயிண்டர்கள் அங்கே பிரஷ் வைப்பதே இல்லை. ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாருங்கள், பெயிண்ட் படாத வெறும் மரமாகவே இருக்கும். காய்ந்த நாளில் அங்கே வுட் பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை அடித்துவிடுங்கள். அடுத்த ஐப்பசியில் வித்தியாசம் தெரியும்.

வழுக்குவதற்கு மெழுகுவர்த்தியை விளிம்பில் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்துக் கெட்டிப்படும். சோப்பு ஈரத்தை இழுக்கும். கீலுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

பிறகு சேர்த்தது: குடியாத்தத்திலிருந்து ஒருவர், கீறும்போது பிளேடு மரத்துக்குள்ளேயே இறங்குகிறது என்றார். அது பெரும்பாலும் கரையான். அந்த இடத்தைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். ஓட்டையை அடைத்துப் பிரயோஜனமில்லை, கரையானுக்கு மருந்து அடித்துவிட்டு அந்தச் சட்டத்தையே மாற்ற வேண்டும். இன்னொருவர் வீட்டில் மேல் சட்டமே நடுவில் தொய்ந்து கதவை அழுத்துகிறது. சட்டத்தின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தொய்வு தெரிந்துவிடும். சுவரின் பாரம் ஜன்னல் மேல் இறங்குகிறது என்று அர்த்தம். அங்கே கதவைத் தொடாதீர்கள், கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே இருக்கும் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.