பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் முதலில் என்ன பார்ப்பது?

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்ட் பக்கம் வண்டியை ஓரம் கட்டும்போதுதான் காலுக்குத் தெரிந்தது. வழக்கமாக மேலேயே பிடிக்கிற பெடல், பாதி தூரம் மெத்தென்று போய்த்தான் பிடித்தது. பின் சீட்டில் அம்மாவும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே நிறுத்திவிட்டேன். சூடு ஆறியதும் பெடல் ஓரளவு மேலே வந்தது. மீதி வளைவுகளை முதல் கியரிலேயே உருட்டி இறங்கினேன்.

ஆறியதும் பெடல் மேலே வந்தது என்றால், ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை; காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிற திரவம். டாட் என்பது அதன் தர எண். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும், டாட் 4 230 வரை. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140, 155 என்று இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் ஆவிக்குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். என் வண்டியில் ஆயில் மாற்றி ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும்.

சூடே இல்லாமல், காலையில் வண்டியை எடுக்கும்போதே பெடல் மெத்தென்று இருந்தால் அது வேறு கதை. ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே பெடலைச் சோதித்துப் பாருங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, பெடலை நிதானமாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பெடல் மிதியை ஆயிலுக்கு அழுத்தமாகக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. பானெட்டுக்குள் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதா, நான்கு சக்கரங்களின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் டோ செய்து கொண்டுபோங்கள். (பெடலை மிதித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது கோளாறு இல்லை, மிதிக்கு வலு சேர்க்கிற பூஸ்டர் வேலை செய்கிறது.)

அடுத்து, வேகமாக நான்கைந்து முறை பம்ப் அடியுங்கள். மேலே ஏறி வந்தும் காலடியில் ஸ்பிரிங் மாதிரித் துள்ளினால் ஆயில் போகும் லைனில் காற்று இருக்கிறது. மேலே வந்து கல் மாதிரிப் பிடித்து, கொஞ்ச நேரம் விட்டு மிதித்தால் மறுபடி தாழ்ந்து போனால், பின் டிரம்முக்கும் பிரேக் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு மிதித்துப் பார்த்தால் இது உறுதியாகிவிடும். பெடல் மேலே வந்தால் பின் ஷூதான். பழைய வண்டியென்றால் ஒருவரை மிதிக்கச் சொல்லி ரப்பர் ஹோஸ்களையும் கையால் பிடித்துப் பாருங்கள். ஹோஸ் உப்பினால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் (லைனிலிருக்கும் காற்றை வெளியேற்றினாலும்) பயனில்லை.

சரி, ஏர் எடுக்கும் வேலைக்கு வருவோம். சீல் உடைக்காத புது டின் ஒரு லிட்டர் வாங்குங்கள். போன வருடம் திறந்த டின்னில் ஈரம் ஏறியிருக்கும். டப்பா மூடியில் போட்டிருக்கிற டாட் எண்ணையே வாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி சக்கரத்தடியில் கை விடாதீர்கள்: ஸ்டாண்ட் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பெடலுக்கு அடியிலும் ஒரு மரக்கட்டை வையுங்கள். தினமும் போகாத ஆழத்துக்குப் பெடல் போனால், அங்கே படிந்திருக்கிற துருவும் அழுக்கும் மாஸ்டர் சிலிண்டர் சீலைக் கிழித்துவிடும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் நல்ல மாஸ்டர் சிலிண்டரையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் வலது பக்கம். அதனால் தூரத்திலிருந்து தொடங்கி இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று வருவது வழக்கம். உங்கள் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி. ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும் காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகுதான் நிப்பிள். அதற்கு முந்தின நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். திறந்த வாய் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். நிப்பிளில் உள்ளே இருப்பது தெரிகிற டியூப்பைச் சொருகி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வையுங்கள்.

எனக்கு மிதித்துக் கொடுத்தவன் தம்பி. "அமுக்கு" என்பேன், "பிடிச்சாச்சு" என்று அவன் சொன்ன பிறகுதான் நிப்பிளைக் கால்வாசித் திருகு திறப்பேன். பெடல் கட்டையில் முட்டியதும் "முட்டிருச்சு" என்பான், மூடுவேன், அப்புறம்தான் "விடு". மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். முதலில் வரக்காப்பி நிறத்தில் வந்தது. இருபது முறை தாண்டித்தான் தெளிந்தது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அது காலியானால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அத்தனையும் முடித்தும் என் பெடல் அரை அங்குலம் தாழ்வாகவே நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து மிதித்தேன், மேலே வந்துவிட்டது. இடது பின் டிரம்மைக் கழற்றினால், தானாக அட்ஜஸ்ட் ஆக வேண்டிய ராட்செட் துருவில் இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து, ஷூ லேசாக உரசும் அளவுக்கு நெருக்கி வைத்தேன்.

ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அந்த யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் வீட்டில் எடுக்க முடியாமல் போகலாம். ஸ்கேனர் மாட்டி எடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

வேலை முடிந்ததும் நிப்பிள் மூடிகளைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்து, நான்கு நிப்பிளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நான்கும் காய்ந்திருந்தால், ஆளில்லாத சமதளத் தெருவில் 10 கிலோமீட்டர் வேகத்தில் முதல் பிரேக்கை அடித்துப் பாருங்கள்.