பள்ளம் தாண்டி 2 கிலோமீட்டர்: ஏற்காட்டுத் தோட்டத்துக்கு நெட் கொண்டுபோன கதை

மாமாவின் காப்பித் தோட்டம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். ஃபைபர் ரோட்டோர வீடு வரைதான் வரும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்பர் ஷெட்டில் (காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் இடம்) போன் பேசலாம், நெட் கிடைக்காது.

வயர் இல்லாமல் நெட்டை அந்தப் பக்கம் அனுப்ப, லைட்பீம் என்ற கிண்ண ஆன்டெனா ரேடியோ இரண்டு வாங்கினேன். 23 டிபிஐ (சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் திறனின் அளவு). இந்தத் தூரத்துக்குச் சிறிய சதுரப் பெட்டிகளை விடக் கிண்ண வடிவ ஆன்டெனாதான் என் தேர்வு. கிளாம்ப், ஸ்டே கம்பி, அவுட்டோர் கேபிள் எல்லாம் சேலத்திலேயே வாங்கிவிடுங்கள். ஒரு போல்ட் குறைந்தாலும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும்.

கம்பத்தில் ஏற்றுமுன் மேசையில் வைத்தே செட்டிங் முடியுங்கள். ஒன்று ஆக்சஸ் பாயின்ட் (இணைப்பு தருவது), மற்றது ஸ்டேஷன் (அதோடு இணைவது), இரண்டிலும் பிரிட்ஜ் மோடு (இரு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைப்பது). இரண்டுமே 192.168.1.20 என்ற ஒரே ஐபி முகவரியோடு (நெட்வொர்க்கில் கருவியின் எண்) வரும். ஒவ்வொன்றாகக் கணினியில் சொருகி, கடைசி எண்ணை 21, 22 என மாற்றுங்கள். நாடு இந்தியா என்றே இருக்கட்டும். 5725–5875 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டைக்கு 2018 முதல் தனி உரிமம் வேண்டாம்.

அப்புறம் திசை பார்ப்பது. நான் கம்பத்தில், மாமா போனில். “இப்ப எவ்வளவு மாமா?” “மைனஸ் எழுபத்தஞ்சு.” இது சிக்னல் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. அதோடு போல்ட்டை முடுக்கியிருந்தால் தப்பு. அது பக்கக் கதிர், அதாவது ஆன்டெனாவின் முக்கியக் கதிருக்குப் பக்கத்தில் சிந்தும் பலவீனமான சிக்னல். இன்னும் திருப்பினால் சிக்னல் விழுந்து, மறுபடி ஏறும். இடவலம் முடித்து, மேல்கீழும் ஆட்டிப் பாருங்கள். எங்களுக்கு மைனஸ் 56-இல் நின்றது.

ஒரு மாதம் அருமையாக ஓடியது. கோடை மழை தொடங்கியதும் அறுந்து அறுந்து வந்தது. எல்லாரும் பனிமூட்டம் என்றார்கள், நானும் நம்பினேன். ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸை மூடுபனி அவ்வளவாகத் தொடாது. வெயில் அடிக்கும்போதும், மழை விட்ட ஒரு மணி நேரம் வரை சிக்னல் ஏறவில்லை. நனைந்த இலைதான் காரணம்.

எதிர்க் கம்பம் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. அலை நூல் மாதிரி போவதில்லை, நடுவில் வயிறு பருத்துப் போகிறது. இதை ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 2 கிலோமீட்டருக்கு நடுவில் அதன் ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 3 மீட்டர், சுற்றிலும் காலியாக இருக்க வேண்டும். எங்கள் கோட்டுக்கு ஒரு மீட்டர் கீழே சில்வர் ஓக் உச்சிகள் நின்றன. மிளகுக்கொடி ஏறிய மரம், வெட்ட மாமாவுக்கு மனசில்லை. இரண்டு பக்கமும் 10 அடி பைப்பை எடுத்துவிட்டு 20 அடி ஜிஐ பைப் நிறுத்தினோம். அடுத்த மழையில் சிக்னல் இரண்டு டிபி (டெசிபல்) கூட இறங்கவில்லை.

கம்பத்துக்கு எர்த் கட்டாயம் அடியுங்கள். மலையில் இடி சும்மா விடாது.

பின்சேர்க்கை: லிங்க் வந்தும் நெட் வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஷெட்டில் வைக்கும் வைஃபை ரவுட்டரில் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதி) அணைத்து, அதன் முகவரி வீட்டு ரவுட்டரோடு மோதாமல் மாற்றி, கேபிளை வான் (WAN, வெளி இணைப்பு) போர்ட்டில் அல்ல, லான் (LAN, உள் இணைப்பு) போர்ட்டில் சொருகுங்கள்.