பாவித்த விறகடுப்பை இருக்கிற புகைக்குழாயில் பொருத்தும்போது விடும் பிழைகள்

2022 இல் காஸ் வரிசையில் நின்று அலுத்த பிறகு எங்கள் பக்கத்துக் குசினிகளுக்குள் விறகு மறுபடி நுழைந்தது. பலர் அனகி மண்ணடுப்பு வாங்கினார்கள். அதற்குக் குழாயே கிடையாது, ஆகவே குழாய்ப் பிழையும் கிடையாது. புகை மட்டும் உண்டு. எனக்கு ஆசை கொஞ்சம் பெரிது. மலைநாட்டுப் பக்கம் மூடின ஒரு விடுதியில் பாவித்த வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று விற்பனைக்கு வந்தது. கதவில் கண்ணாடி, கீழே சாம்பல் தட்டு, மேலே இரண்டு சட்டி வைக்க இடம். விலை பேசி, லொறியில் ஏற்றி, மட்டக்களப்புப் பக்கம் கல்லாற்றில் அம்மாவின் குசினிக்குள் இறக்கினேன். இறக்கின பிறகுதான் கூரையில் ஏற்கெனவே இருந்த குழாயை அளந்தேன்.

அடுப்பின் கழுத்து, அதாவது குழாய் செருகும் வளையம், 6 அங்குலம். கூரைக் குழாய் 4 அங்குலம். “அது பரவாயில்லை, ஒரு கூம்பு அடிச்சுத் தாறன்” என்றார் தகர வேலைக்காரர். அடித்தும் தந்தார், அழகாக. முதல் நாள் நெருப்பு மூட்டினதும் கதவைத் திறக்கிற நேரமெல்லாம் புகை முகத்தில் வந்து மோதியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: “மகன், இது வாயால புகை விடுது. குழாய் சும்மா நிக்குது.”

அம்மா சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. அடுப்பு புகையைத் தள்ளுவதில்லை, குழாய்தான் இழுக்கிறது. குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட இலேசானது, அதனால் மேலே போகிறது. போகிற வேகத்தில் கதவுப் பக்கத்தால் புதுக் காற்றை உள்ளே உறிஞ்சுகிறது, நெருப்பும் எரிகிறது. குழாய்க்கு இழுக்க முடியாவிட்டால் எவ்வளவு நல்ல அடுப்பும் வெறும் இரும்புப் பெட்டிதான்.

4 க்கும் 6 க்கும் இடையில் இரண்டே அங்குலம் என்று நினைத்ததுதான் முதல் பிழை. பார்க்க வேண்டியது விட்டத்தை அல்ல, வாயின் பரப்பளவை. 6 அங்குலக் குழாயின் வாய் ஏறத்தாழ 28 சதுர அங்குலம். 4 அங்குலக் குழாயின் வாய் 12.6 தான். பாதிக்கும் குறைவு. 5 அங்குலம் என்றாலும் 19.6, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அடுப்பின் கழுத்தைவிடச் சின்னக் குழாயில் சுருக்கிப் பொருத்தாதீர்கள் என்று அடுப்புக் கைநூல்கள் சொல்வது இதனால்தான். கூம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அளக்கிற விதத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. பழைய குழாய் நசுங்கி முட்டை வடிவத்தில் இருக்கும். குறுக்கே நாடா வைத்தால் ஒரு பக்கம் 5½, மறுபக்கம் 6½ காட்டும். எதை நம்புவது? குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நூலின் நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுங்கள். நூல் 18.8 அங்குலம் வந்தால் குழாய் 6. 15.7 வந்தால் 5. 12.6 வந்தால் 4, வேறு அடுப்பு பாருங்கள். வெளிநாட்டு அடுப்பின் கழுத்தில் 150 என்று வார்த்திருந்தால் அது மில்லிமீற்றர். நம்முடைய 6 அங்குலத்தோடு ஒத்துப்போகும்.

பக்கத்து வீட்டில் நேர்எதிரான பிழை நடந்தது. அது சுனாமிக்குப் பிறகு கட்டின வீட்டுத்திட்ட வீடு. குசினியில் செங்கல்லால் கட்டின அகலமான புகைக்கூடு, உட்பக்கம் 12 க்கு 12. “எங்கட புகைக்கூடு பெரிசு, உங்கட மாதிரிப் பிரச்சினை வராது” என்று சொல்லி, இன்னொரு பாவித்த அடுப்பின் குழாயை இரண்டடி நீளத்துக்கு அதற்குள் நீட்டிவிட்டார்கள். அங்கேயும் புகை. காரணம், 28 சதுர அங்குலத்தால் வருகிற புகை 144 சதுர அங்குலக் கூட்டுக்குள் விழுந்ததும் விரிந்து, ஆறி, சோம்பிப் போகிறது. அதோடு கூட்டின் அடி திறந்தே கிடந்ததால், கூடு அடுப்பை விட்டுவிட்டுக் குசினிக் காற்றை இழுத்தது. திறந்த அடுப்புக்கு அது நல்ல கூடுதான், மூடிய அடுப்புக்கு அல்ல. பொதுவாகப் பின்பற்றும் அளவு: கூட்டின் உட்பரப்பு அடுப்புக் கழுத்தின் பரப்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது, கூட்டின் சுவர்கள் வீட்டுக்கு வெளியே நிற்குமானால் இரண்டு மடங்கு. 9 க்கு 9 கூடு, வீட்டுக்குள் நின்றால், மயிரிழையில் தப்பும். 12 க்கு 12 தப்பாது. கடைசியில் அவர்கள் 6 அங்குலக் குழாயைக் கூட்டுக்குள்ளாலேயே உச்சிவரை கொண்டுபோய், அடியில் சுற்றியிருந்த இடைவெளியைத் தகட்டால் அடைத்தார்கள். புகை அன்றே நின்றது.

அடுத்தது உயரம். இதில் நம் ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டு என்பதை நான் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயின் இழுவை உள்ளே உள்ள சூட்டுக்கும் வெளியே உள்ள சூட்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தில் பிறக்கிறது. புகை 150 பாகை செல்சியஸில் போகிறது என்று வையுங்கள். வெளியே 0 பாகை இருக்கிற ஒரு கடற்கரை ஊரில் கிடைக்கிற இழுவையைவிட, 31 பாகை இருக்கிற மட்டக்களப்பில் அதே குழாயின் இழுவை ஏறத்தாழ 30 வீதம் குறைவு. குளிர்நாட்டுக் கைநூல்களே அடுப்பின் மேல்தட்டிலிருந்து ஒரு 15 அடி குழாய் கேட்கின்றன. நம் தாழ்வான குசினிக் கூரையில் குழாய் ஏழெட்டு அடியில் முடிந்துவிடும். அப்படியானால் அதைவிடக் கூட்டுவதுதான் வழி, குறைப்பதல்ல. குழாயின் உச்சி, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே, 10 அடி தூரத்துக்குள் உள்ள முகடு, சுவர் எதையும்விட 2 அடி மேலே இருக்க வேண்டும். மேற்கே மாடி வீடு இருந்தால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது தலைகீழாகப் புகையை அமுக்கும். அப்போது இந்த அளவும் போதாமல் போகலாம். மழைத்தொப்பியை நெருக்கி வைப்பதும் கூடாது. 6 அங்குலக் குழாய்க்கு 3 அங்குல இடைவெளியாவது விடுங்கள்.

வளைவுகளைப் பற்றி ஒரு வரி போதும்: செங்கோண எல்போ இரண்டுக்கு மேல் வேண்டாம், படுக்கையாக ஓடும் துண்டு அடிக்குக் கால் அங்குலம் வீதம் மேல்நோக்கி ஏறட்டும்.

மூட்டுகளைப் பற்றி ஒரு வரி போதாது. இங்கே தகர வேலை செய்பவர்களின் கை கூரையில் பழகின கை. மேல் தகரம் கீழ்த் தகரத்துக்கு வெளியே படிய வேண்டும், அப்போதுதான் மழைநீர் உள்ளே வராது. அதே பழக்கத்தில் குழாயையும் மேல்துண்டு வெளியே, கீழ்த்துண்டு உள்ளே என்று செருகிவிடுவார்கள். புகைக்குழாயில் இது தலைகீழ். குழாய்க்குள் புகை ஆறும்போது கறுப்பாக, தார்போல ஒரு நீர் வடியும். மேல்துண்டின் சுருக்கின நுனி கீழ்த்துண்டுக்கு உள்ளே போயிருந்தால் அந்த வடிசல் உள்ளாலேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். எங்கள் வீட்டில் மாறிப்போனதால் மூட்டுக்கு மூட்டு கறுப்புக் கோடு வெளியே வழிந்து, அம்மா வெள்ளையடித்த சுவரில் இன்றைக்கும் ஒரு அடையாளம் இருக்கிறது. சுருக்கின நுனி கீழே பார்க்க வேண்டும், மூட்டுக்கு மூன்று திருகாணி. ஏற்கெனவே இருக்கிற குழாயில் இதை வெளியே நின்றே பார்த்துவிடலாம்.

என்ன தகரம் என்றும் பாருங்கள். பளபளவென்று நாகம் பூசின தகரம் மலிவு, உப்புக்காற்றுக்கும் கொஞ்சம் தாங்கும். ஆனால் அடுப்பின் கழுத்தை ஒட்டின முதல் துண்டுகள் மிகவும் சூடாகும். நாகம் 420 பாகைக்குக் கிட்ட உருகும்; சூடான பூச்சிலிருந்து வருகிற ஆவி சுவாசத்துக்குக் கூடாது. அந்தத் துண்டுகள் பூச்சில்லாத தடித்த கறுப்பு இரும்பாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாயில் புகை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

கூரை. ஒற்றைத் தகரக் குழாய்க்கும் கைமரம், சலாகை போன்ற எரியக்கூடிய எதற்கும் இடையில் 18 அங்குலம் இருக்க வேண்டும். “குழாய் போற அளவுக்கு ஓட்டை” என்று கிடுகுக் கூரையில் துளைப்பது வீட்டைக் கொளுத்துகிற வேலை. அஸ்பெஸ்டஸ் சீற் எரியாது, உண்மைதான். ஆனால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும், கிரைண்டரால் அறுத்தால் வருகிற தூசு நுரையீரலுக்கு நஞ்சு. அந்த ஒரு சீற்றை முழுதாகக் கழற்றிவிட்டுத் தகரம் போடுவது நல்லது. ஓட்டுக் கூரையென்றால் பாதி வேலை மிச்சம்.

அடுப்பை வாங்குமுன் பார்க்க இரண்டு சின்னச் சோதனைகள் இருக்கின்றன, நான் செய்யாதவை. இருட்டறையில் டோர்ச்சை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். கண்ணாடியைத் தவிர வெளியே வேறெங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் வார்ப்பில் வெடிப்பு அல்லது மூட்டில் இடைவெளி. பிறகு கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்துப் பூட்டி இழுங்கள். இலகுவாக வந்தால், கதவு விளிம்பில் இடைவெளியை அடைக்கிற கயிறு தேய்ந்துவிட்டது. கயிறு மாற்றலாம். வெடித்த வார்ப்பை விட்டுவிடுங்கள். உள்ளே மேலே நெருப்பை மறிக்கிற தட்டு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். அது இல்லாத அடுப்பில் சுவாலை நேரே குழாய்க்குள் ஏறும்.

எங்கள் கூம்பைக் கழற்றி, கழுத்திலிருந்து உச்சிவரை 6 அங்குலமாகவே மாற்றினேன், 16 அடி. அடுப்பு வாங்கின காசில் பாதி குழாய்க்குப் போனது. அன்றிலிருந்து நெருப்பு மூட்டுமுன் அம்மா ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்: சாம்பிராணிக்குச்சி ஒன்றைக் கொளுத்தித் திறந்த கதவடியில் பிடிப்பார். புகை உள்ளே வளைந்தால் விறகு வைப்பார். வெளியே வளைந்தால் ஒரு காகிதத்தைச் சுருட்டி உள்ளே எரித்துக் குழாயைச் சூடாக்குவார். இரவில் தணல் கிடக்கும்போது காற்றுத் துவாரத்தையும் குழாய்த் தட்டையும் முழுதாக மூடிவிட்டு அந்த அறையில் படுக்க மட்டும் யாரையும் விடமாட்டார். தணலிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

விறகு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் சண்டைதான். கடற்கரையில் ஒதுங்கின மரத்தை நான் எரிக்க விடுவதில்லை. அதில் ஊறின உப்பு இரும்பை அரிக்கும், புகையும் நல்லதல்ல. மாரியில் நனைந்த விறகு புகையை ஆற்றி அந்தத் தார் வடிசலைக் கூட்டும். அது குழாய்ச் சுவரில் 3 மில்லிமீற்றர் படிந்தாலே சுரண்டியெடுக்க வேண்டும், தீப்பிடித்தால் குழாயே அடுப்பாகிவிடும். ஆகவே மாரி தொடங்குமுன் ஏணி வைத்து ஏறித் தொப்பியைக் கழற்றி, கயிற்றில் கட்டின கம்பித் தூரிகையை மேலிருந்து கீழே இழுக்கிறேன். போன முறை கரியோடு ஒரு மைனாக் கூடும் வந்து விழுந்தது. தொப்பியைச் சுற்றிக் கம்பிவலை கட்ட மறந்திருந்தேன்.