4ஜி63 டர்போ: பூஸ்ட் ஏற்றுமுன் கீழ்ப்பாகத்தைப் பலப்படுத்தும் முறை

ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டி வரும் பழைய கார்களின் பாகம் விற்கும் இடம்) மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ இன்ஜினை வாங்கிப் புரோட்டான் வீரா காரில் இறக்குகிறவர்கள் அடுத்ததாகத் தேடுவது ஃபோர்ஜ்ட் பிஸ்டனும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் எச்-பீம் ராடும்தான். இரண்டும் தேவைதான். ஆனால் விலையுயர்ந்த ராடு போட்ட இன்ஜினும் பேரிங் சுற்றிக்கொண்டு சாகிறது. காரணம், பேரிங் கிளியரன்ஸை, அதாவது பேரிங்குக்கும் அதற்குள் சுழலும் கிராங்குக்கும் உள்ள இடைவெளியை, யாரும் அளக்கவில்லை. இன்ஜினைக் கழற்றத் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. கழற்றும் பகுதியை விட்டுவிடுகிறேன்.

1. பிளாக்கும் கிராங்கும்

ஃப்ளைவீல் போல்டுகளை எண்ணுங்கள். 6 என்றால் நிம்மதி. 7 என்றால் கிராங்க் முன்னும் பின்னும் நகரும் கோளாறுக்குப் பெயர்போன வகை; அந்த நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்கை அலட்சியம் செய்யாதீர்கள். கிராங்கில் விரிசல் இருக்கிறதா என்று மேக்னஃப்ளக்ஸ் சோதனையில் பார்த்த பிறகே பாலிஷுக்குக் கொடுங்கள்.

ஆயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, நீள பிரஷ் விட்டு, சோப்பு கலந்த சுடுநீரில் பிளாக்கைக் கழுவுங்கள். சிலிண்டரைத் தேய்த்த ஹோனிங் தூள் கொஞ்சம் தங்கினாலும் புது பேரிங்கைத் தின்றுவிடும். நம் கோலாலம்பூர் ஈரக்காற்றில் கழுவிய சிலிண்டர் சுவர் சீக்கிரமே துருப்பிடிக்கும். காய்ந்த கையோடு ஏடிஎஃப் (ஆட்டோ கியர் ஆயில்) நனைத்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக் பை போட்டு மூடுங்கள்.

2. மெயின் ஸ்டட்

கிராங்கைத் தாங்கும் மெயின் மூடிகளைப் பிடிக்கப் போல்டுக்குப் பதிலாகப் போடுவது ஸ்டட். அதைப் பிளாக்கில் விரலால் மட்டும் திருகுங்கள். முறுக்கு எல்லாம் நட்டின் மேல்தான், மூன்று தவணையாக. ஸ்டட்டோடு வரும் லூப்பையே தடவுங்கள். எந்த லூப் என்பதைப் பொறுத்து உராய்வு மாறும். அதே டார்க் எண்ணில் இழுவிசையும் மாறும்.

ஸ்டட் போட்ட பின் அலைன் ஹோன் (மெயின் துளைகளை ஒரே நேரில் வட்டமாகத் தேய்ப்பது) கட்டாயம். பழைய போல்டைவிடப் பலமாக ஸ்டட் இறுக்குவதால் மெயின் துளையின் வட்டம் குலைகிறது. இந்தச் செலவை மிச்சம் பிடிப்பதற்குப் பேசாமல் பழைய போல்டையே வைத்துக்கொள்ளலாம்.

3. கிளியரன்ஸ் அளத்தல்

பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெழுகு இழை) உத்தேசக் கணக்குக்குத்தான். மைக்ரோமீட்டரும் டயல் போர் கேஜும் வாங்குங்கள், அல்லது கடன் கேளுங்கள்.

மெயின் ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவிலேயே பூட்டுங்கள். போர் கேஜை அந்த மைக்ரோமீட்டருக்குள் வைத்துச் சுழியமாக்குங்கள். பேரிங் போட்டு, மூடியை முழு டார்க்கில் இறுக்கி, கேஜை உள்ளே விட்டால் முள் காட்டுவதே கிளியரன்ஸ். கழித்தல் கணக்கே வேண்டாம்.

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்: கேஜை மேல்-கீழாகப் பிடியுங்கள். இரு பேரிங் ஓடுகள் சந்திக்கும் விளிம்பில் ஓடு வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும். பக்கவாட்டில் அளந்தால் கிளியரன்ஸ் அதிகமாகத் தெரியும். அதை நம்பிக் கட்டினால் இன்ஜின் இறுக்கமாகிவிடும்.

இன்னொன்று, வெப்பம். கிராங்க் ஏர்கான் அறையிலும் பிளாக் வெயிலடிக்கும் கொட்டகையிலும் இருந்தால் அளவு பொய். 10 டிகிரி வித்தியாசத்தில் 57 மி.மீ ஜர்னல் ஏறத்தாழ 0.0065 மி.மீ மாறும். ஒரு ராத்திரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, காலையில் அளங்கள்.

தெருவிலும் செப்பாங் பந்தயத் தடத்திலும் ஓடும் டர்போவுக்கு மெயின் 0.045–0.060 மி.மீ, ராடு 0.045–0.055 மி.மீ நல்லது. இறுக்கமாக வந்தால் ஏசிஎல் நிறுவனத்தின் ரேஸ் பேரிங்கில் எக்ஸ் வகை 0.025 மி.மீ கூடுதல் இடம் தரும். கிராங்கின் முன்-பின் அசைவு 0.05–0.18 மி.மீ இருக்கட்டும். 0.25ஐத் தாண்டினால் கட்டாதீர்கள்.

4. ராடு போல்டு

டார்க் ரெஞ்சை மட்டும் நம்பாதீர்கள். ஸ்ட்ரெட்ச் கேஜ் வையுங்கள். போல்டின் நீளத்தை முதலில் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தாளில் சொன்ன நீட்சி வரும்வரை இறுக்குங்கள். கழற்றிய பின் பழைய நீளத்தைவிட 0.025 மி.மீ கூடி நின்றால் அந்தப் போல்டு குப்பைக்கு.

5. மிச்சம்

85 மி.மீ போருக்கு (சிலிண்டர் விட்டம்), பிஸ்டனின் மேல்பக்க ரிங்கின் முனை இடைவெளி சுமார் 0.43 மி.மீ, இரண்டாவது ரிங்குக்குச் சற்றுக் கூடுதல். பிஸ்டன் தாள் வேறு சொன்னால் தாள் சொல்வதே சரி. அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டை எடுத்தால் அதன் பேரிங்கைத் திருப்பி ஆயில் துளையை மூடுங்கள். மறந்தால் பிரஷர் அங்கேயே கசிந்துவிடும். செப்பாங் 5, 6ஆம் வளைவுகள் நீளமானவை. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) தடுப்புத் தகடு வைக்காமல் அங்கே போகாதீர்கள்.

6. முதல் ஸ்டார்ட்

பிளக்கைக் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, பிரஷர் முள் எழும்வரை கிராங்க் செய்யுங்கள். முதல் 30 நிமிடத்தில் மினரல் ஆயிலை மாற்றுங்கள், அடுத்து 500 கி.மீ-இல். ஒவ்வொரு ஃபில்டரையும் வெட்டி மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஃபில்டரில் உலோக மினுக்கம் கண்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முதல் ஃபில்டரில் மெல்லிய சாம்பல் பசை சகஜம். செம்பு நிறத் துகள் என்றால் பேரிங் மேலடுக்கு போய்விட்டது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் சம்ப்பைக் கழற்றி ராடு மூடிகளைத் திறங்கள். பேரிங் மட்டும் போயிருக்கும்போதே பிடித்தால் கிராங்க் தப்பிக்கும்.