பூச்சிமருந்து கேஸ் வந்தால்: அட்ரோபினைச் சரியாக ஏற்றும் முறை

ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துச் சின்ன மருத்துவமனைகளில் முதன்முதலாக இரவுப்பணி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்தப் பதிவு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். ஐ.வி. லைன், ஆக்சிஜன், சக்‌ஷன் எல்லாம் கைக்குப் பழகியது என்று வைத்துக்கொள்கிறேன். தடுக்குகிற இடம் இந்த நஞ்சுக்கான மாற்றுமருந்தான அட்ரோபின்தான். அதனால் பாதிப் பதிவு அதற்கே போகும்.

வீட்டில் இருப்பவர் யாராவது படித்தால் உங்களுக்கு இவ்வளவுதான்: 108-ஐக் கூப்பிடுங்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாணிக் கரைசல், உப்புத்தண்ணீர், பச்சை முட்டை என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அரைமயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். பல மருந்துகள் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தவை என்பதால் அந்தச் சேதம் தனி. பாட்டிலைப் பாலித்தீன் பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள்.

1. அடையாளம் காணுதல்

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். வியர்வை ஊற்றும், வாயில் எச்சிலும் நுரையும் வழியும், நெஞ்சில் கிரெப்ஸ் (நீர் சேர்ந்ததால் வரும் நொறநொறச் சத்தம்) கேட்கும். நாடி குறைந்திருக்கும். சதை துடிக்கும், தொடையிலும் நெஞ்சுப் பக்கமும் பாருங்கள். பூண்டு மாதிரி ஒரு நெடி வரலாம். இவற்றில் மூன்று நான்கு சேர்ந்திருந்தால் போதும், ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த நஞ்சு முடக்கும் நொதியான கோலினெஸ்டரேஸின் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்து வையுங்கள், ஆனால் சிகிச்சை அதற்காக நிற்கக் கூடாது.

பாட்டிலில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர் உதவாது. கடைக்காரர்கள் 'டெக்னிக்கல்' என்பார்களே, சின்ன எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரைத் தேடுங்கள்: குளோர்பைரிபாஸ், புரோஃபெனோஃபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட் போன்றவை. லேபிளில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் எவ்வளவு நஞ்சு என்பதைச் சொல்லும், எந்த வகை என்பதைச் சொல்லாது.

ஏமாற்றும் ஆள் ஒன்று உண்டு: அமிட்ராஸ், மாட்டு உண்ணிக்குத் தடவுவது. கண்மணி சுருங்கும், நாடி குறையும், ஆள் மயங்கிக் கிடப்பார். ஆனால் உடம்பு உலர்ந்திருக்கும், நெஞ்சு தெளிவாக இருக்கும், சர்க்கரை ஏறியிருக்கும். மாடு வைத்திருக்கும் வீடு என்றால் கட்டாயம் கேளுங்கள். இதற்கு அட்ரோபினைக் குடம் குடமாக ஊற்றத் தேவையில்லை. நாடி மிகவும் குறைந்தால் மட்டும் கொஞ்சம்.

2. கழுவுதல்

கையுறையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு உடைகளை முழுதாகக் கழற்றிப் பையில் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் தலைமுடி, நகக்கண், அக்குள், தொடை இடுக்கு வரை கழுவுங்கள். மருந்து அடிக்கப்போய் வயலில் விழுந்தவருக்கு இதுவே பாதி வைத்தியம். முதுகில் தெளிப்பான் கசிந்திருக்கும், முதுகை விட்டுவிடாதீர்கள்.

வயிறு கழுவுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குடித்து ஒரு மணி நேரத்துக்குள், மூச்சுக்குழாய் பாதுகாப்பாக இருந்தால் மட்டும் ஒருமுறை செய்யலாம். திமிறும் ஆளை நாலு பேர் பிடித்துக்கொண்டு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) நுழைப்பது ஆபத்தில்தான் முடியும். அட்ரோபின் ஏறாமல் அதைத் தொடங்கவே கூடாது.

3. அட்ரோபின்

முதல் டோஸ் பெரியவருக்கு 1.8 முதல் 3 மி.கி. வரை. 0.6 மி.கி. ஆம்பூல் என்றால் மூன்று முதல் ஐந்து. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.05 மி.கி. ஆக்சிஜன் சிலிண்டர் வரும்வரை அட்ரோபின் போடக் கூடாது என்று ஒரு பழைய பாடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்டுகொள்ளாதீர்கள், இரண்டையும் ஒன்றாகவே தொடங்குங்கள். நாடி ஏற்கெனவே 110 இருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். பயத்தாலும் மூச்சுத் திணறலாலும் நாடி ஏறும். நிக்கோட்டினிக் விளைவாலும், அதாவது நஞ்சு நரம்புமுடிச்சுகளைத் தூண்டுவதாலும் ஏறும்.

ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பலன் தெரியவில்லையா? அதே டோஸைத் திரும்பப் போடாதீர்கள், இரட்டிப்பாக்குங்கள். 1.8, 3.6, 7.2, 14.4 என்று போகும். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு ஆம்பூல் என்று மணிக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் நோயாளி தன் நெஞ்சு நீரிலேயே மூழ்கிப் போகிறார்.

எதுவரை? ஐந்து இலக்குகள்: இரண்டு பக்க நெஞ்சும் தெளிவு, நாடி 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் உலர்வு, கண்மணி ஊசிமுனையாக இல்லாதிருத்தல். முதல் மூன்றையும் அக்குளையும் நம்புங்கள். கண்மணி கடைசியில்தான் விரியும். சில நேரம் மருந்து கண்ணில் நேரடியாகப் பட்டதால் விரியாமலே இருக்கும். கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு அட்ரோபினை ஏற்றினால் அளவு மீறிவிடும்.

நெஞ்சிலும் ஒரு பொறி உண்டு. வலது அடிப்பக்கம் மட்டும் கிரெப்ஸ், மற்ற இடமெல்லாம் தெளிவு, அக்குள் உலர்ந்துவிட்டது, நாடி 130 என்றால் அது வாந்தி உள்ளே போனது. எத்தனை ஆம்பூல் போட்டாலும் அது போகாது. வீசிங்கும் கிரெப்ஸும் இரண்டு பக்கமும் பரவலாக இருந்தால் மட்டும் தொடருங்கள்.

என் கைக்கருவி ஸ்டெதஸ்கோப்பும் ஒரு தாளும். தாளில் நேரம், நெஞ்சு, நாடி, அழுத்தம், அக்குள், கண்மணி, போட்ட மில்லிகிராம் என்று ஏழு கட்டம். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். வியர்த்துக் குளிர்ந்த விரலில் அது உளறும். கணக்கை ஆம்பூலில் எழுதாமல் மில்லிகிராமில் எழுதுங்கள். கையிருப்பில் பெரிய குப்பியும் சேர்ந்திருந்தால், ஒரு மில்லிக்கு எவ்வளவு என்பது குப்பிக்குக் குப்பி மாறும்.

4. தொடர் சொட்டு

இலக்கை அடைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதுவரை போட்ட மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதத்தை ஒரு மணி நேரத்துக்கு என்ற கணக்கில் தொடர்ந்து சொட்டாக ஓட விடுங்கள். 1.8 + 3.6 + 7.2 = 12.6 மி.கி.யில் அடங்கியது என்றால் மணிக்குச் சுமார் 2 மி.கி. 50 மில்லி சிரிஞ்ச் பம்பில் மில்லிக்கு 0.6 மி.கி. உள்ள ஆம்பூலைக் கலக்காமல் அப்படியே எடுத்தால் மணிக்கு 3.3 மில்லி. முதலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் கேளுங்கள். மறுபடி ஈரமானால் மீண்டும் போலஸ் (ஒரேயடியாகப் போடும் டோஸ்), சொட்டு வேகமும் கூடும்.

அட்ரோபின் அதிகமாகிவிட்டதற்கு மூன்று அடையாளம்: குழப்பமும் பிதற்றலும், காய்ச்சல், குடல் சத்தமே இல்லாமை. சிறுநீரும் அடைக்கும். அப்போது சொட்டை நிறுத்துங்கள், அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள், அடங்கியதும் பழைய வேகத்தில் 70 முதல் 80 சதவீதத்தில் தொடங்குங்கள். வேலூர் வெயிலை இங்கே மறக்கக் கூடாது. அட்ரோபின் ஏறியவருக்கு வியர்க்காது. அக்கினி நட்சத்திர நாளில் மின்விசிறி இல்லாத வார்டில், கையைக் காலைக் கட்டிப்போட்டுத் திமிற விட்டால் உடல்சூடு உயிர்போகும் அளவுக்கு ஏறும். ஈரத்துணியும் காற்றும் கொடுங்கள்.

5. மற்றவை

வலிப்புக்கு டயஸிபாம் 10 மி.கி. மெதுவாக. மூச்சுக்குழாயில் குழாய் போட நேர்ந்தால், தசையைத் தளர்த்தும் சக்ஸினைல்கோலினைத் தவிருங்கள். அதை உடைக்கும் நொதியே இங்கே முடங்கிக் கிடக்கிறது, விளைவு நீண்டுபோகும்.

முடங்கிய நொதியை மீட்கக் கொடுக்கும் பி.ஏ.எம். (பிராலிடாக்ஸிம்) பற்றி ஆளுக்கொரு கருத்து. வேலூர் சி.எம்.சி.யில் செய்து 1997-ல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் அதிக டோஸில் செய்து 2006-ல் வெளியானதில் தெரிந்தது. இலங்கையில் செய்து 2009-ல் வந்ததில் மறுபடி தெரியவில்லை. கொடுப்பதென்றால் கிலோவுக்கு 30 மி.கி. அளவை 20-30 நிமிடத்தில் மெதுவாக, பிறகு மணிக்குக் கிலோவுக்கு 8 மி.கி. வேகமாகத் தள்ளினால் இதயமே நிற்கலாம். அட்ரோபின் போதாத நேரத்தில் பி.ஏ.எம். தேடி ஓடுவது வீண்வேலை. கார்பமேட் என்ற வேறு வகைப் பூச்சிமருந்துக்கு பி.ஏ.எம். வேண்டாம்.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரியும் போலீஸ் தகவலும் பிறகு. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டனைக்குரியவர் அல்ல. கட்டிலைச் சுற்றி நின்று திட்டும் உறவினரையும், திட்டும் ஊழியரையும் வெளியே அனுப்புங்கள். மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வேண்டாம். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

6. இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரை

நெஞ்சு தெளிந்து, ஆள் எழுந்து காபி கேட்பார். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உறவினர் நிற்பார்கள். 24 மணியிலிருந்து 96 மணிக்குள் வரும் இன்டர்மீடியட் சிண்ட்ரோமுக்கு, அதாவது கழுத்துச் சதையும் மூச்சுச் சதையும் தளர்வதற்கு, இதுதான் நேரம். சோதனை எளிது: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லையா, கழுத்துச் சதை தளர்கிறது, அடுத்தது மூச்சு. ஒரே மூச்சில் எண்களை எண்ணச் சொல்லி, எதுவரை வருகிறது என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எழுதி வையுங்கள். எண்ணிக்கை இறங்கினால் வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு உடனே அனுப்புங்கள். இதற்கு அட்ரோபின் உதவாது.

பின்சேர்க்கை 1: சிரிஞ்ச் பம்ப் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று பலர் கேட்டுவிட்டார்கள். பியூரெட் செட்டில் 10 ஆம்பூலும் 50 மில்லி சலைனும் விடுங்கள். 60 மில்லியில் 6 மி.கி., அதாவது மில்லிக்கு 0.1. மைக்ரோ டிரிப்பில் நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்பதும் மணிக்கு இத்தனை மில்லி என்பதும் ஒரே எண்தான். 20 சொட்டு விட்டால் மணிக்கு 2 மி.கி. மூன்று மணி நேரம் வரும். தீர்வதற்குள் அடுத்ததைக் கலந்து வையுங்கள்.

பின்சேர்க்கை 2: ஒடுவந்தழை என்ற நச்சு இலையைத் தின்றவருக்கும் இதே முறையா? இல்லை. அது வேறு நஞ்சு, தனி மாற்றுமருந்தும் கிடையாது. அதில் பொட்டாசியம் இறங்கும், ரத்தத்தில் அமிலம் ஏறும், இதயத் துடிப்பு தடம்புரளும். பார்க்க நன்றாக இருந்தாலும் சில நாள் கழித்துச் சரியலாம். ஈ.சி.ஜி., பொட்டாசியம், ரத்த வாயு மூன்றையும் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ அனுப்பும் கடிதத்தில் 'அட்ரோபின் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால் எதிர்முனையில் இருப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டெக்னிக்கல் பெயர், குடித்த நேரம், முதல் அட்ரோபின் நேரம், மொத்த மில்லிகிராம், இப்போது ஓடும் வேகம், கிளம்பும்போது நெஞ்சு எப்படி, பி.ஏ.எம். உண்டா இல்லையா: இவ்வளவும் வேண்டும். சொட்டை வண்டியிலும் ஓட விடுங்கள். பீஞ்சமந்தை மாதிரி மலையிலிருந்து இறங்கும் வண்டி என்றால் வழிக்கு நிரப்பிய சிரிஞ்சுகளும் கூடவே போகட்டும்.