ஊரில் வாழ்ந்து மறைந்த அப்பாவின் வாழ்க்கையை எழுதி வைக்கும் முறை

சென்னையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் குடியிருக்கும் நம்மில் பலருடைய அப்பாக்கள் ஊரிலேயே கழனியைப் பார்த்துக்கொண்டு இருந்து, அங்கேயே கண்ணை மூடியவர்கள். காரியம் முடிந்து திரும்பியதும் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுகிறோம். சில நாட்களில் அது கிழிந்துவிடுகிறது. அவருடைய வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகள் படிக்கும்படி எழுதி வைக்க விரும்பினால், கருமாதிக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். பங்காளிகள், சம்பந்திகள், அவரோடு ஏர் ஓட்டியவர்கள் என அவரை அறிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வாசலில் உட்காரும் நாள், பதினாறாம் நாளுக்குப் பிறகு வாய்ப்பது அரிது.

"அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "நல்ல மனுஷன்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் பாறை வந்தது, கூலிக்குப் பணம் எப்படிப் புரட்டினார்?" என்று கேளுங்கள், பெரியப்பா ஒரு மணி நேரம் பேசுவார். அவரிடம் சொல்லிவிட்டு அதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். பெரியவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது. அண்ணா இறந்த 1969-க்கு முன்பா பின்பா, எம்.ஜி.ஆர். இறந்த 1987 மார்கழியில் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் காலம் தானாகப் பிடிபடும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி பெரும்பாலும் வாத்தியார் போட்டது. ஆகவே வீட்டார் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. ஊர்க்காரரே ஆனாலும் சென்னை மருத்துவமனையில் இறந்திருந்தால் பதிவு இங்கேதான்.

அடுத்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிரயப் பத்திரமும் சிட்டாவும் நிலத்தின் கதையைச் சொல்லும். மனிதரின் கதை மொய் நோட்டில்தான் இருக்கிறது. என் அக்கா திருமணத்து நோட்டில் சில பெயர்களுக்கு எதிரே ரூபாய்க்குப் பதிலாக "ஒரு மூட்டை நெல்", "இரண்டு நாள் பந்தல் வேலை" என்று அப்பா எழுதியிருந்தார். மொய் வைக்க வசதியில்லாதவரின் உழைப்பையும் தாம் பட்ட கடனாகவே எண்ணி, திருப்பிச் செய்த பிறகு அந்த வரியைப் பென்சிலால் அடித்திருந்தார். இப்படி ஒரு பக்கம் கிடைத்தால், அவர் பண்பாளர் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தையே படம் எடுத்துச் சேர்த்துவிடலாம்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். "யாரிடமும் கை நீட்டாதவர்" என்று நான் எழுதியிருந்த வரியை அம்மா நிறுத்தச் சொன்னார். மோட்டார் வாங்கத் தம் தாலிக்கொடியை அடகு வைத்ததையும், அதை மீட்க அப்பா மூன்று அறுவடை காத்திருந்ததையும் அப்போதுதான் எங்களிடம் சொன்னார். பழைய வரியை அடித்துவிட்டு, அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். முதலாண்டுத் திதிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது அந்தப் பிரதியைத்தான்.