காரைக்குடிப் பட்டறையிலிருந்து நீர்மூழ்கிக்கு கேபிள் இணைப்பு: எங்கிருந்து தொடங்குவது?

லேத் இருக்கிறது, கைவேலை தெரிந்த ஆள் இருக்கிறார், போர்வெல் மோட்டாருக்கும் ரைஸ்மில்லுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுத்தே காலம் போகிறது, வேறு பெரிய வேலை ஏதாவது பிடிக்கலாமா என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். பிடிக்கலாம். நீர்மூழ்கிக் கப்பலின் உடலில் துளை போட்டு கேபிளை உள்ளே கொண்டுபோகும் இடத்தில் பொருத்துகிற நீர்புகா இணைப்பு அப்படிப்பட்ட வேலைதான். ஆனால் முதல் நாளே நீர்மூழ்கியைத் தொட வேண்டாம்.

முதலில் கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் சுமார் 1 பார் (காற்று மண்டலம் நம்மை அழுத்தும் அளவு) அழுத்தம் கூடும், 300 மீட்டரில் 30 பார். 50 மில்லி விட்டமுள்ள இணைப்பின் முகத்தில் இது கிட்டத்தட்ட 600 கிலோ. அதற்குள் போகும் 20 மில்லி கேபிளையே தனியாக 90 கிலோவுக்கு மேல் உள்ளே தள்ளும். பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் ஆய்வு நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000 இறங்க வேண்டிய 6,000 மீட்டருக்குப் போனால் அதே 50 மில்லி முகத்தில் 12 டன். ஆகவே கடையில் வாங்கும் ஐபி68 (நீர்புகாத் தர எண்) கிளாண்டை, அதாவது கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடியைக் காட்டி "இதுவும் வாட்டர்ப்ரூப்தானே" என்று கேட்காதீர்கள். ஐபி68 என்பது தயாரித்தவர் எழுதிக்கொடுக்கும் ஆழத்துக்கும் நேரத்துக்கும் மட்டும்தான் செல்லும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது கேபிளுக்குள்ளே. கிளாண்ட் கேபிளின் வெளித்தோலைத்தான் இறுக்கிப் பிடிக்கிறது. வெளியே கேபிள் அறுந்துபோனால் கடல்நீர் தோலுக்கும் கம்பிக்கும் நடுவே, ஏன், செம்பு இழைகளுக்கு நடுவேகூட ஓடி உள்ளே வந்துவிடும், கிளாண்ட் ஒரு சொட்டு ஒழுகாமல் நின்றாலும். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு துண்டுக் கேபிளின் வெட்டிய முனையை டெஸ்ட் பாத்திரத்துக்குள் வைத்து 30 பார் ஏற்றுங்கள், மறுமுனையில் தண்ணீர் சொட்டுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். இதற்கு வழி, இணைப்புக்குள்ளேயே தோலை உரித்து, ஒவ்வொரு கம்பியையும் திடமான உலோக ஊசியோடு (பின்) சேர்த்து, பின்னைச் சுற்றி நீர் போக வழியில்லாமல் அடைப்பது. பெரிய நிறுவனங்கள் கண்ணாடியை உருக்கி உலோகத்தோடு ஒட்டவைக்கிறார்கள். சின்னப் பட்டறை எபாக்சியில் தொடங்கலாம், ஆனால் கலந்ததும் வெற்றிடத்தில் வைத்துக் குமிழியை எடுத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். பாலிஎத்திலின் தோலில் எபாக்சி சரியாகப் பிடிக்காது, பாலியூரித்தேன் தோலுள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.

சோதனையைத் தண்ணீரில் மட்டும் செய்யுங்கள். காற்றை 45 பாருக்கு அமுக்கினால், உடைகிற பாத்திரம் குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணீர் நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு (30 பாருக்கு 45) ஏற்றி, அதற்கு முன்னும் பின்னும் மெக்கரில் (மின்கசிவைக் காட்டும் மீட்டர்) இன்சுலேஷன் பாருங்கள். ஓ-ரிங் (நீரை அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் தடத்தில் ரப்பர் சுமார் 20 சதவீதம் நசுங்க வேண்டும், தடத்தில் பிசிர் இருக்கக் கூடாது.

அப்புறம் உலோகம். நம்மூரில் பித்தளைக்குப் பஞ்சமில்லை, ஆனால் சாதாரணப் பித்தளையிலிருந்து கடல்நீர் துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிடும், மிஞ்சுவது பஞ்சு மாதிரி செம்பு. 316எல் ஸ்டெயின்லெஸ்கூட ஓ-ரிங்கின் அடியில், நீர் தேங்குகிற இடுக்கில், குழி விழுந்து அரிக்கும். நிக்கல் அலுமினியம் வெண்கலம் நல்ல தேர்வு. டைட்டானியம் தானாக அரிக்காது, ஆனால் இன்சுலேட் செய்யாமல் எஃகோடு சேர்த்தால் எஃகு அரிக்கும். இதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அரிமானம் அவர்களின் முக்கியமான துறை, மண்டபத்தில் கடலோர ஆய்வு மையமும் வைத்திருக்கிறார்கள். உலோகத்தை முடிவுசெய்யும் முன்பே அங்கே போய்க் கேளுங்கள். பக்கத்தில் இருந்தும் நாம் அங்கே படியேறுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, யார் வாங்குவார்கள்? மும்பை மசகான் டாக் கட்டிய ஆறு கல்வரி வகை நீர்மூழ்கிகளில் முதலாவது 2017 டிசம்பரிலும் கடைசியான வாக்‌ஷீர் 2025 ஜனவரியிலும் கடற்படையில் சேர்ந்தன. வடிவமைப்பு பிரான்ஸுடையது, ஒவ்வொரு பாகமும் ஒப்புதல் பெற்றது, மாற்றிவைக்க மலையளவு சான்று கேட்பார்கள். எண்ணிக்கை குறைவு, ரகம் அதிகம், காத்திருப்பு நீளம். அதனால் முதல் இரண்டு மூன்று வருடம் நீருக்கடி விளக்கு, கேமரா, கடலில் மிதக்கும் அளவைக் கருவி, துறைமுக வேலை என்று ஆளில்லாத இடங்களுக்குக் கொடுத்துக் கைதேருங்கள். கூடவே உத்யம் பதிவு (சிறுதொழில் பதிவு), அரசு கொள்முதல் செய்யும் ஜெம் தளத்தில் பதிவு. பாதுகாப்புத் துறையின் சிருஜன் தளத்தில் உள்நாட்டில் செய்ய விரும்பும் பாகங்களின் பட்டியல் கிடைக்கும், அதில் உங்கள் லேத்துக்கு ஏற்றதைத் தேடுங்கள். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் திருச்சி மையம் நமக்குப் பக்கம்தான்.

என்னுடைய முதல் மாதிரி 45 பாரில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. ஆனாலும் வாங்குபவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ராடு எந்த ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) என்று காட்ட என்னிடம் தாள் இல்லை. அவர்கள் செய்தது சரிதான், உள்ளே ஆட்கள் இருக்கும் கப்பலுக்கு அப்படித்தான் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து ராடு சான்றிதழ், ஓ-ரிங் காலாவதித் தேதி, எபாக்சி கலந்த நாள், சோதனை அளவு எல்லாவற்றையும் இணைப்பின் வரிசை எண்ணோடு ஒரே பதிவேட்டில் எழுதுகிறேன், ஒவ்வொரு பேட்சிலும் ஒன்றை விற்காமல் எடுத்துவைக்கிறேன். வாங்குபவர் கொடுத்த டிராயிங்கை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், வெளிநாட்டு ஆர்டர் வந்தால் ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்படும் பொருட்களின் ஸ்கோமெட் பட்டியலைப் பார்க்காமல் சரக்கை ஏற்றாதீர்கள்.